பின்னால் கூப்பிடாதே

"நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று எந்த முதலாளியாவது சொல்லக் கேட்டால் எனக்கு இடது கை எரியத் தொடங்கிவிடும். காயம் ஆறி மூன்று வருடமாகிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் மினுங்கிக்கொண்டு, பாலாடை சுருங்கினது போலக் கிடக்கிறது. தொட்டால் வலியில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எரியும்.

மொன்றியலுக்கு வந்து நான் செய்த முதல் வேலை எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடையில். முன்னுக்கு எட்டு மேசை, பின்னுக்கு ஒடுக்கமான குசினி. கடைக்காரரை வாடிக்கையாளர் முதல் கோப்பை கழுவுகிறவர் வரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி அண்ணி. வேலை செய்த பெண்கள் நாங்கள் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் அக்கா, தங்கச்சி. இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். முதலாளியிடம் போய், "நிலம் வழுக்குகிறது, ஒரு விரிப்புப் போடுங்கள்" என்று கேட்கலாம். அண்ணையிடம் அப்படிக் கேட்டால் தங்கச்சிக்கு வாய் நீளம் என்பார்கள். கூப்பிடுகிற முறையாலேயே எங்கள் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் நின்ற எனக்கு வேலை தந்தவர் அவர்தான். என் பிள்ளையைக் கார்டரியில், பகல் பராமரிப்பு நிலையத்தில், சேர்க்கப் படிவம் நிரப்பித் தந்தவரும் அவர்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். அந்த ஒரு படிவத்தை ஆறு வருடமாகச் சொல்லிக்காட்டினார் என்பதைச் சொல்லாவிட்டால் நான் மடைச்சி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று அவர் அடிக்கடி சொல்லுவார். அந்தக் கடையில் ஆறு வருடமாகக் கறிக்கெல்லாம் உப்புப் போட்டது நான். அவர் உப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணைக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை. வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துத் தொங்கும். செவ்வாய்க்கிழமை புதுச் சட்டி எடுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. குசினிக்குள் யாரும் யாரையும் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது.

"சாப்பாடு தூக்கிக்கொண்டு போறவையைப் பின்னால கூப்பிட்டா வியாபாரம் படுத்திடும்" என்பார்.

வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது, எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அது வீட்டு வாசல் படலையடிக்கு உரிய பழக்கம். கொதிக்கிற எண்ணெயோடு ஐந்து பேர் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு நிற்கிற இடத்துக்கு அதைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க ஒருவருக்கும் புத்தி வரவில்லை. எனக்கும் வரவில்லை. மற்றவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே விலகப் பழகிக்கொண்டோம். அதைக் கெட்டித்தனம் என்றுகூட நினைத்துக்கொண்டோம்.

அன்று ஒரு கலியாண வீட்டுக்கு வடை போய்க்கொண்டிருந்தது. வடை பொரிக்கிற பெண் எனக்கு இளையவள். அகதி வழக்கு இன்னும் முடியாமல், கடிதம் எப்போது வரும் என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். எண்ணெய் கறுத்துவிட்டது என்று தாச்சியோடு தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்திருக்கிறாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மின்விசிறிச் சத்தத்தில் காலடி கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பாள், திறக்கக் கூடாது என்றல்லவா சட்டம்.

எண்ணெய் கையில் ஊற்றுப்பட்டு நான் கத்தினேன். அண்ணை ஓடி வந்தார். வந்து முதலில் செய்த வேலை, முன் மண்டபத்துக்குப் போகிற கதவைச் சாத்தியது.

"சத்தம் போடாதையும், ஆக்கள் சாப்பிடுகினம்" என்றார்.

பிறகு என் கையில் பற்பசை பூசினார். எரிந்துகொண்டிருந்த தோலில், மா பூசுவது போலப் பூசினார். பைப்பைத் திறந்து தண்ணீரில் பிடிக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் கார் கொண்டுவரும் வரை அண்ணை என்னோடு பின்வாசலில் நின்றார். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"தங்கச்சி, வீட்டில சுட்டதெண்டு சொல்லும். வேலையிடமெண்டா விசாரிக்க வருவினம். பொரிக்கிற பிள்ளைக்கு இன்னும் கேஸ் முடியேல்லை. அவளைப் பிடிச்சு அனுப்பிப்போட்டா அந்தப் பாவம் உமக்குத்தான். இது எங்கட குடும்ப விஷயம், வெளியில போகப்படாது."

நான் ஓம் என்றேன். அந்த ஒரு ஓமுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி காயத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். வீட்டில், வடை பொரிக்கும்போது என்றேன். இடது கையின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக எண்ணெய் ஊற்றுப்பட்டிருந்தது. தானே பொரிக்கிறவளுக்கு அப்படிச் சுடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரை வெளியே இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்று சொல் சொல்லாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இதை உன் கணவர் செய்தாரா?"

இல்லை என்றேன். பயப்படாமல் சொல், இங்கே நீ பாதுகாப்பாக இருக்கிறாய் என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அவள் மீது எனக்குக் கோபமில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அன்று அவள்தான். கதவின் கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். என் பையைப் பிடித்துக்கொண்டு, குளிரில் வந்த அவசரத்தில் வீட்டுச் செருப்போடு நின்றார். வேறொரு தாதி அவரைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு சொல், "கடையில்" என்ற ஒரு சொல், நான் சொல்லியிருந்தால் அந்தப் பார்வை அவர் மேல் விழுந்திராது. நான் சொல்லவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், பாருங்கள். எந்தக் குடும்பத்தை என்றுதான் தெரியவில்லை.

ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். அவர்தான் எடுத்துத் தந்தார். தந்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, கிளினிக் எதற்குள்ளும் அவர் வருவதில்லை. என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காருக்குள் இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். "பார்க்கிங் கஷ்டம்" என்பார். மூன்று வருடமாகப் பார்க்கிங் கஷ்டம்.

பொரிக்கிற பெண்ணை அண்ணை அடுத்த மாதமே நிற்பாட்டினார். கை நடுங்குகிறதாம், வேலை ஓடவில்லையாம். அவளைக் காட்டித்தான் என் வாயை அடைத்தார். வாய் அடைபட்டதும் அவள் தேவையில்லை. கட்டுப்போட்ட கையோடு வேலைக்குத் திரும்பியிருந்த நானும் அடுத்த நாள் போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டேன். சண்டை பிடித்து விலகினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அன்று அந்தத் துணிவு எனக்கு இருக்கவில்லை.

இரண்டாவது வேலை ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கப் போனபோது கிடைத்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன உணவகம், கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. குசினிக்குப் பொறுப்பு ஒரு கியூபெக் பெண், ஐம்பது வயதிருக்கும், குட்டை மயிர், சிரிக்காத முகம். எல்லாரும் ஷெஃப் என்பார்கள். அவள் என் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூட்டை வெங்காயத்தைத் தந்து வெட்டச் சொன்னாள். வெட்டினேன். அடுத்த நாள் வரச் சொன்னாள்.

முதல் கிழமை எனக்குத் தலையிடி. அந்தக் குசினியில் யாரும் வாயை மூடுவதில்லை. யாருக்காவது பின்னால் போனால் "டெரியேர்!" என்று கத்த வேண்டும், பின்னால் நிற்கிறேன் என்று. சூடான பாத்திரம் என்றால் "ஷோ!". மூலையில் திரும்பினால் இன்னொரு கத்தல். கத்தினதற்குப் பதில் கத்தல். சந்தைக் கடைக்காரர்கூட இவ்வளவு கத்த மாட்டார்கள். நான் மட்டும் கத்தவில்லை. வெட்கம் என்று நினைத்தார்கள். வெட்கம் இல்லை. ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்க என் நாக்கு எழும்பவில்லை. ஆறு வருடப் பழக்கம் மட்டுமா, பிறந்ததிலிருந்து வந்த பழக்கம்.

மூன்றாவது கிழமை, நல்ல பெயர் எடுக்கலாம் என்று, தெரிந்த பிரெஞ்சைப் பொறுக்கிச் சேர்த்து ஷெஃப்பிடம், "நாங்கள் எல்லாரும் இங்கே ஒரு குடும்பம்" என்றேன். அவள் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"இல்லை. இது வேலையிடம். உன் குடும்பம் வீட்டில் இருக்கிறது. நேரத்துக்குப் போய் அவர்களோடு சாப்பிடு."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. கல் நெஞ்சக்காரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோவில்தான் கவனித்தேன், மூன்று கிழமையாக நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு அது நடந்தது. கொதிக்கிற சூப் சட்டியோடு அடுப்படியில் நின்ற ஹெயிட்டிக்காரருக்குப் பின்னால் போனேன். அவர் என்னைவிட மூத்தவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். நான் கூப்பிடவில்லை. அவர் ஓரடி பின்னால் வைத்தார். சூப் அவர் வலது கையில் சிந்தியது.

அவர் கத்தினார். நான் சட்டியோடு விறைத்துப் போனேன். இனி யார் கதவைச் சாத்துவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் சாத்தவில்லை. ஷெஃப் அடுப்பை எல்லாம் அணைத்தாள். அவரைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பைப்பின் கீழ் கையைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் கை தன் கைக்குள் இருக்க, இருபது நிமிடம் நின்றாள். முன்னுக்குச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்களிடம், ஆளுக்குச் சுட்டுவிட்டது, தாமதமாகும் என்று போய்ச் சொல்லச் சொன்னாள். உள்ளதை அப்படியே சொல்லச் சொன்னாள்.

அந்த இருபது நிமிடமும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது கவலை இல்லை, ஆத்திரம். இவ்வளவுதானா? ஒரு பைப்பைத் திறந்து கையைப் பிடிக்கிறது, இவ்வளவுதானா? அடுப்பை அணைத்தால் கடை இடிந்து விழவில்லை. வாடிக்கையாளர் எழும்பி ஓடவில்லை. என் கைக்கு ஏன் இது கிடைக்கவில்லை? அந்நியர் செய்கிற வேலையை அண்ணை ஏன் செய்யவில்லை?

ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. ஷெஃப்பிடம் போய்ச் சொன்னேன், "வீட்டில். அவர் வீட்டில் சுட்டது என்று சொல்லலாம்."

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். விளங்கியதும் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் இடது கையைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து கேட்காமல் விட்ட கேள்விக்கு அவளுக்கு அப்போது விடை கிடைத்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். குசினியில் நடக்கிற விபத்துகளை எழுதுகிற கொப்பி.

"என்ன நடந்ததோ அதை எழுது."

எனக்குப் பிரெஞ்சில் எழுத வராது என்றேன்.

"உன் மொழியில் எழுது. மொழிபெயர்ப்பிக்கிறது என் வேலை."

எழுதினேன். "நான் சூடான சட்டியோடு இவருக்குப் பின்னால் போனேன். கூப்பிடவில்லை. பிழை என்னுடையது." அந்தப் பிரெஞ்சுக் கொப்பியில் இன்றைக்கும் அந்த மூன்று தமிழ் வசனங்கள் இருக்கின்றன. எழுதி முடித்ததும் வேலை போய்விட்டது என்று நினைத்து ஏப்ரனை அவிழ்த்தேன். ஷெஃப் அதை எடுத்து என் கையில் திரும்பத் தந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஹெயிட்டிக்காரர் கட்டுப்போட்ட கையோடு வந்தார். அவரை இருக்க வைத்துச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிற வேலை கொடுத்திருந்தார்கள். ஷெஃப் என்னைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே கேட்டாள், ஏன் நீ வாயைத் திறப்பதில்லை? சொன்னேன். சகுனத்தையும் சொன்னேன், தேசிக்காய் மிளகாயையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர் மட்டும் மெதுவாகச் சிரித்தார்.

"உங்கள் ஊரில் போகிறவருக்குப் பின்னாலிருந்து சொல்லக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டார்.

யோசித்தேன். இருக்கிறது. வெளிக்கிடுகிறவர் படலை தாண்டும் போது நாங்கள் பின்னாலிருந்து சொல்லுகிற ஒரே சொல். கவனம். கவனமாகப் போயிட்டு வாங்கோ. கூப்பிட்டால்தான் குற்றம், இதைச் சொன்னால் குற்றமில்லை.

அன்று முதல் நான் "கவனம்!" என்று கத்தத் தொடங்கினேன். இப்போது அந்தக் குசினியில் கியூபெக்காரரும் மெக்சிக்கோக்காரரும் "காவானாம்!" என்று கத்துகிறார்கள். ஹெயிட்டிக்காரர் எனக்குப் பின்னால் வரும்போது அதை மெல்லிய குரலில் சொல்லுவார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வேலை செய்கிறேன். இது பெரிய சந்தோஷக் கதை இல்லை. ஒரு மனுஷிக்கு முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய சாதாரண விஷயம்.

என் கையைப் பற்றி ஷெஃப்பிடம் பிறகு நானாகவே சொன்னேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் எழுதியிருப்பதைத் திருத்தும்படி கேட்கலாம், ஒரு காலை லீவு எடு, தேவையென்றால் நானும் வருகிறேன் என்றாள். பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பழைய புண்ணைக் கிளறி என்ன காண்பது என்று நினைத்தேன்.

போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை காலை நானும் கணவரும் ஜான்-டலோன் சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டு நின்றோம். அண்ணை ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். கூட எனக்குத் தெரியாத ஒருவர், எங்கள் ஆள்தான்.

"தங்கச்சி! எங்களை மறந்துபோட்டீர் என்ன. வெள்ளைக்காரரிட்டப் போனா எல்லாரும் இப்பிடித்தான்" என்று சிரித்தார். பிறகு கூட வந்தவரிடம் திரும்பி, "எங்கட கடையில நிண்டவ. வீட்டில எண்ணெய் ஊத்துப்பட்டு, பாவம், கையைப் பாருங்கோ" என்றார்.

அவர் பொய் சொல்லுகிற முகத்தோடு சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. கூட வந்தவர் என் கையைப் பார்த்தார். பிறகு, அதுதான் என்னைக் கொன்றது, என் கணவரின் முகத்தைப் பார்த்தார். தாதி பார்த்த அதே பார்வை. என் கணவர் மிளகாய்ப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

"சரி, பேந்து கதைப்பம்" என்று அண்ணை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இரண்டு கடை தாண்டவிட்டேன். பிறகு அவர் முதுகைப் பார்த்து, குசினியில் பழகின குரலில், முழுச் சந்தைக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

"அண்ணை! நில்லுங்கோ!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் கறுத்துவிட்டது.

"பின்னால கூப்பிடாதையும் தங்கச்சி, இண்டைக்குக் கலியாண ஓடர் இருக்கு."

"கூப்பிடாததாலதான் என்ர கை இப்பிடிக் கிடக்கு. இது வீட்டில சுட்டதில்லை. உங்கட குசினியில சுட்டது. கதவைச் சாத்திப்போட்டுப் பற்பசை பூசினது நீங்கள். வீட்டில எண்டு சொல்லச் சொன்னது நீங்கள். இந்த மனுசன் என்னைச் சுட்டவரெண்டு ஆஸ்பத்திரியில நினைச்சவை. மூண்டு வருசமா அதைச் சுமக்கிறார். இப்ப இவருக்கு முன்னால சொல்லுங்கோ, எங்க சுட்டது?"

தக்காளி விற்ற பெண் நிறுக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கூட வந்தவர் அண்ணையைப் பார்த்தார். இப்போது அந்தப் பார்வை சரியான ஆளிடம் போயிருந்தது.

அண்ணை, "சனத்துக்கு முன்னால என்ன பழக்கம் இது" என்று முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மன்னிப்பும் கேட்கவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். அன்று அவர் கலியாண ஓடர் எப்படிப் போனதோ தெரியாது. நாசமாகப் போயிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

மிளகாயை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். என் கணவர் சாவியைப் போட்டார், ஸ்டார்ட் பண்ணவில்லை. சனத்துக்கு முன்னால் கத்தினதற்குப் பேசப் போகிறார் என்று நினைத்து நானும் சண்டைக்கு ஆயத்தமானேன்.

"அந்த ஆஸ்பத்திரியில இப்பவும் வீட்டில எண்டுதானே எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஓம்."

காரை ஸ்டார்ட் பண்ணினார்.

"திங்கக்கிழமை லீவு எடும். போய் மாத்துவம்" என்றார். "நானும் உள்ளுக்கு வாறன்."